ஹாம் ரேடியோ நமக்கு வருமா? பெண்களும் மற்றவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாம் ரேடியோ வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பெரும்பாலும் கேட்பவர்கள் பெண்கள், அவர்களின் பெற்றோர், பார்வையற்ற மாணவர்கள், தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். நடுவே கிளப் நடத்துகிறவர்கள் கேட்பவையும் உண்டு. அவர்களுக்கான பதில்தான் கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

அரசிடம் உரிமம் வாங்கி, ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் நடத்துவது. பணத்துக்காகச் செய்யக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. உங்களைப் போலவே உரிமம் வைத்திருக்கும் இன்னொருவரோடு பேசலாம், மோர்ஸில் (புள்ளியும் கோடுமாய் ஒலிக்கும் குறியீடு) தட்டலாம், கணினி வழியே எழுத்து அனுப்பலாம், செயற்கைக்கோள் வழியாகவும் தொடர்பு கொள்ளலாம். உங்களுக்கென்று உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு கால்சைன் (அழைப்புப் பெயர்) கிடைக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும், இலங்கையில் 4எஸ்7.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

பேச மட்டும்தான் வேண்டும் என்றால் செல்போன் போதும். ஒரு கம்பியை அளந்து வெட்டி மொட்டை மாடியில் கட்டி, அதன் வழியே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் பதில் சொல்வதைக் கேட்கும் சுகம் செல்போனில் இல்லை. நடுவில் டவர் இல்லை, கம்பெனி இல்லை, ரீசார்ஜ் இல்லை.

பேரிடரில் பயன்படும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளாக ஹாம்கள் யாரும் ஒலிபரப்பாத இடம் என்பதால் உலகமே அவர்களைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி காலை போர்ட் பிளேரில் பூமி ஆடியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் விழுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளை வைத்து, தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்திகளை அவர்கள் நாள்கணக்கில் கடத்தினார்கள். இந்திய ஹாம்களில் உலகம் அதிகம் அறிந்த பெயர்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது. நம்மூர்ப் பெண்கள் பலருக்கு அது தெரிவதில்லை.

அப்படியானால் ஏன் எங்கே பார்த்தாலும் ஆண்களாகவே இருக்கிறார்கள்? அதுவும் வசதியானவர்களாக?

தொடக்கமே அப்படி. சென்னையில் 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவாகி, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927-இல் பணம் இல்லாமல் நின்றது; டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போனது. கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய காலம் அது. யாரால் வாங்க முடிந்ததோ அவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. அப்புறம் பொறியாளர்கள், ராணுவத்திலிருந்து வந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் என்று வட்டம் விரிந்தது. ஆனால் நுழையும் வழி மாறவில்லை: தெரிந்தவர் ஒருவர் இருந்தால் உள்ளே வரலாம். அப்பா, அண்ணன், கல்லூரி நண்பன். அந்தத் தெரிந்தவர் இல்லாத வீட்டுக்கு இந்த விஷயம் எட்டவே இல்லை.

பெண்களுக்குக் கை வராத வேலை என்று யாராவது சொன்னால் ஒன்று சொல்லுங்கள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை டிரான்ஸீவர்களை (அனுப்பவும் பெறவும் ஒரே பெட்டி) உலகம் முழுக்க ஹாம்கள் வாங்கிக் கோர்த்துப் பயன்படுத்துகிறார்கள். அதற்கான காயில்களைக் கையால் சுற்றித் தந்தது பெண்கள் குழு ஒன்று. ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ அலைவரிசை தள்ளிப்போகும் வேலை அது. அந்த ரேடியோக்களில் கூப்பிடும் குரல்களில் எத்தனை பெண் குரல் என்று எந்த பேண்டிலாவது (ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் தொகுதி) ஒரு ஞாயிற்றுக்கிழமை காது கொடுத்துப் பாருங்கள்.

தேர்வு கடினமா? நான் அறிவியல் படிக்கவில்லை.

தேர்வின் பெயர் ஏஎஸ்ஓசி (அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர்ஸ் சர்டிஃபிகேட்). இரண்டு நிலைகள்: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் வேண்டாம். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் பெறவும் தெரிய வேண்டும். வயது 12 ஆகியிருந்தால் போதும். கல்வித்தகுதி எதுவும் இல்லை.

பாடம் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ பற்றியது: ஓம் விதி, மின்தேக்கி, காயில், ஒத்ததிர்வு, ஆன்டெனா, அலைபரவல். பத்தாம் வகுப்பு இயற்பியலுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று விதிமுறைகள்: எந்த அலைவரிசை நமக்கு, எவ்வளவு வாட், எதைப் பேசக்கூடாது, கியூ குறியீடுகள் (கியூ எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்). பி.காம். படித்தவர்கள் விதிமுறையில் பொறியாளர்களை முந்துவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பொறியாளர்கள் அந்தப் பகுதியைப் படிக்காமல் வருவார்கள்.

விண்ணப்பம் மத்திய அரசின் சரள் சஞ்சார் தளத்தில். தேர்வை வயர்லெஸ் மானிட்டரிங் ஸ்டேஷன்கள் நடத்துகின்றன. நமக்குச் சென்னையில் ஒன்று இருக்கிறது. விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறும். அதனால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் பார்த்துவிடுங்கள், வாட்ஸாப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலம் சரளமாக வராது. என்ன செய்வது?

இதுதான் உண்மையான தடை. கேட்பவர்கள் வெட்கப்பட்டுக் கடைசியில் கேட்பார்கள்.

தேர்வுக்கு: வினாத்தாள் ஆங்கிலம்தான் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரு சின்ன சொல்தொகுதி. பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, அந்தச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடையாளம் காணப் பழகினால் போதும். கெப்பாசிட்டர், ஃபிரீக்வென்சி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ரேடியோ ரிப்பேர் கடையில் ஏற்கெனவே தமிழாகிவிட்டவை.

பேசுவதற்கு: சாதாரண மொழியில், ரகசியக் குறியீடு இல்லாமல் பேச வேண்டும் என்பதுதான் விதி. தமிழ் சாதாரண மொழிதான். உள்ளூர் ரிப்பீட்டரிலும் (சிக்னலை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் நிலையம்), காலை வேளையில் 40 மீட்டர் அலைநீள பேண்டிலும் தமிழ் தாராளமாகக் காதில் விழும். கால்சைன், சிக்னல் அளவு, ஊர், பெயர், இவற்றை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் ஜப்பான்காரரோடும் ஒரு தொடர்பை முடித்துவிடலாம். அவருக்கும் அவ்வளவுதான் வரும்.

ஆனால் கிளப் நடத்துகிறவர்களே, வகுப்பைத் தமிழில் எடுங்கள். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், வாய் தமிழில் பேசட்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

உரிமக் கட்டணம் பெரிதில்லை: 20 ஆண்டுக்கு ரூ. 1,000, வாழ்நாளுக்கு ரூ. 2,000 என்பது நெடுநாளாக இருந்துவரும் கணக்கு. சீனத் தயாரிப்பு ஹேண்டி (கையடக்க ரேடியோ) சில ஆயிரம் ரூபாய். அதை வைத்து உள்ளூர் ரிப்பீட்டரில் பேசலாம். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால்தான் பர்ஸ் கனக்கும். நெடுந்தூரம் பேசும் புது ஹெச்.எஃப். (சிற்றலை) ரிக், அதாவது ரேடியோ பெட்டி, ஒரு ஸ்கூட்டர் விலை.

குறைந்த செலவில் போக வழி உண்டு: கிட் வாங்கிக் கோர்ப்பது, பழையது வாங்குவது, கிளப் நிலையத்தில் போய்ப் பேசுவது. ஆன்டெனாவைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் என்பது இரண்டு பக்கமும் சுமார் 10 மீட்டர் கம்பி, அவ்வளவுதான். 2 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை ஆன்டெனா அரை மீட்டர் கூட வராது. தையல் பெட்டி டேப் போல இல்லாமல் தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பை வெட்டி, பிவிசி பைப்பில் பொருத்தி யாகி (ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா) செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடியில் ஆன்டெனா கட்ட விடமாட்டார்கள்.

எத்தனையோ பேர் உரிமம் வாங்கியும் ஒலிபரப்பாமல் போவது இந்தக் காரணத்தால்தான். சொந்த வீடு, சொந்த மாடி உள்ளவர்களுக்கு இது புரிவதே இல்லை.

துணி காயப்போடும் கொடி மாதிரி ஒல்லியான கம்பியை வேலை நேரத்தில் மட்டும் கட்டி, அப்புறம் சுருட்டிவிடலாம். பால்கனியிலிருந்து ஒரு முனையில் மட்டும் ரிக்கோடு இணைக்கும் கம்பி போடலாம். கடற்கரை, ஏரிக்கரை, பூங்கா என்று வெளியே போய்ப் பேசுவது தனி ருசி. ஆனால் உரிமத்தின் நகல் கையில் இருக்கட்டும், போலீஸ் கேட்டால் காட்ட. வீட்டுக்காரரிடம் கேட்கும்போது அரசு உரிமத்தைக் காட்டிக் கேளுங்கள். "டிவி தெரியாமல் போகுமா?" என்பார்கள். கேபிள், டிஷ் வைத்திருக்கும் வீட்டில் 50 வாட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று அவர்கள் டிவியைப் போட்டே காட்டிவிடுங்கள்.

பெண் குரல் கேட்டால் தொல்லை செய்வார்கள் என்கிறார்களே?

பொய் என்று சொல்லமாட்டேன். செல்போன் தொல்லை மாதிரி இருட்டுக்குள் நடப்பதில்லை இது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் திறந்த அலைவரிசை, ஒவ்வொருவருக்கும் உரிமம், கால்சைன். எல்லை மீறினால் உரிமம் போகும். அதனால் ஆபாசமாகப் பேசுவது அரிது.

நடப்பது வேறு மாதிரி. ஒரு பெண் கூப்பிட்டதும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல முண்டுவார்கள். "வீட்டுக்காரர் ஹாமா?" என்பது முதல் கேள்வியாக இருக்கும். ஆன்டெனா பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "உங்களுக்கு யார் கட்டித் தந்தது?" என்பார்கள். வயது கேட்பார்கள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். நாலு தடவை நடந்தால் ஐந்தாவது தடவை ரிக்கை ஆன் செய்யத் தோன்றாது.

செய்யக்கூடியவை சில. தனி விஷயம் கேட்டால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "73" (ஹாம் மொழியில் 'வாழ்த்துகள், விடைபெறுகிறேன்') என்று சொல்லி விலகிவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. தொடக்கத்தில் நெட் கன்ட்ரோல் இருக்கும் நெட்டில் (குறித்த நேரத்தில் பலர் அலையில் கூடிப் பேசும் சந்திப்பு) சேருங்கள். யார் எப்போது பேசலாம் என்று ஒருவர் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். தொடர்ந்து ஒருவர் தொந்தரவு கொடுத்தால் தேதி, நேரம், அலைவரிசை, கால்சைன் எழுதி வையுங்கள், முடிந்தால் பதிவும் செய்யுங்கள். லாக் (தொடர்புக் குறிப்பேடு) எழுதுவது ஹாமுக்குப் பழக்கம்தானே.

குரலே வேண்டாம் என்று மோர்ஸுக்குப் போகிற பெண்கள் உண்டு. மோர்ஸில் நீங்கள் யார் என்று கால்சைன்தான் சொல்லும். திருநங்கைகள், திருநம்பிகளுக்கும் இது ஒரு வசதி. ஆனால் தொல்லைக்குப் பயந்து மோர்ஸுக்குப் போக வேண்டியிருப்பது வேறு, பிடித்துப் போவது வேறு.

என் முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடுமா?

இதில் கவனம் வேண்டும். உரிமத்தில் நிலைய முகவரி இருக்கும். ஆனால் இணையத்தில் நீங்களாகப் போடாதீர்கள். ஹாம்களின் விவரம் தேடும் கியூஆர்இசட் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். கியூஎஸ்எல் அட்டை (தொடர்பு நடந்ததை உறுதிசெய்யும் அட்டை) அனுப்ப, பெற கிளப் முகவரியையோ மின் வடிவத்தையோ பயன்படுத்துங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஏபிஆர்எஸ். சில ஹேண்டிகளும் கைபேசிச் செயலிகளும் நீங்கள் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் புள்ளியாக ஒலிபரப்பும், அது இணைய வரைபடத்தில் உங்கள் கால்சைனோடு தெரியும். தேவை இல்லாதபோது இந்த ஒலிபரப்பை (பீக்கன்) அணைத்துவிடுங்கள். மகள்களுக்கு ஹேண்டி வாங்கித் தரும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இதை.

சாதி கேட்பார்களா?

அலையில் நீங்கள் ஒரு கால்சைனும் ஒரு பெயரும்தான். தமிழ்நாட்டுப் பெயரில் சாதிப் பின்னொட்டும் பெரும்பாலும் கிடையாது. இது இந்தப் பொழுதுபோக்கின் அழகுகளில் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் "எந்த ஊர்?" கேட்டுவிட்டு "ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவர் அலையிலும் இருக்கிறார்.

வேறு நாட்டில் இது எப்படி இருந்தது என்று பார்த்தால்: அமெரிக்காவில் கறுப்பின ஹாம்கள் 1952-இல் ஓமிக் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒஹாயோ, மிச்சிகன், இண்டியானா, கென்டக்கி என்ற நான்கு மாநிலங்களின் முதல் எழுத்து அது. கறுப்பினத்தவருக்கு அறை தராத விடுதிகள் நிறைந்த காலம். காரில் நெடுந்தூரம் போகிற உறுப்பினர், அடுத்த ஊர் உறுப்பினரை ரேடியோவில் கூப்பிட்டு எங்கே பத்திரமாகத் தங்கலாம் என்று கேட்டுக்கொள்வார். ரேடியோ ரொம்ப நல்ல உலகம் என்பதால் அவர்கள் சங்கம் அமைக்கவில்லை. உலகம் மோசமாக இருந்தது, கையில் ரேடியோ இருந்தது.

எனக்குப் பார்வை இல்லை. முடியுமா?

முடியும் என்று சொல்வதே குறைத்துச் சொல்வது. காது தேறியவர்களின் பொழுதுபோக்கு இது. இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய சிக்னலைப் பிரித்துக் கேட்பதில் பார்வையற்ற ஹாம்களுக்குப் பெரிய பேர் உண்டு. மோர்ஸ் முழுக்க முழுக்கக் காதுக்கானது.

கருவியில் பார்த்து வாங்க வேண்டும். அலைவரிசையைக் குரலில் சொல்லும் ரிக்கா என்று கேளுங்கள். கென்வுட் டிஎஸ்-590-இல் அதற்கென்று ஒரு குரல் யூனிட் பொருத்தலாம். மலிவான ஹேண்டிகளிலும் பொத்தானை அழுத்தினால் எண்ணைச் சொல்லும் வசதி இருக்கும். தொடுதிரை ரிக்குகளைத் தவிருங்கள். பொத்தானும் குமிழும் உள்ளவையே கைக்கு அடங்கும். ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கணினியில் லாக் எழுதலாம். சால்டரிங்குக்குப் பழக்கமும் பக்கத்தில் ஒருவரும் வேண்டும். ஆன்டெனா கட்டப் பார்வை உள்ளவர்களுக்கே இன்னொருவர் வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1967-இல் ஹேண்டிஹாம் என்ற திட்டம் தொடங்கியது. ஒலிவடிவப் பாடம், வீட்டுக்கே கருவி, கூடவே சொல்லிக்கொடுக்கும் ஹாம் என்று மூன்றையும் சேர்த்துத் தந்தது. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் நிற்காது. நம் கிளப்புகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன, அதுவும் பிடிஎஃப்பாக.

காது கேளாதவர்களுக்கு?

எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை 2017-இல் வந்தது. இயற்பியலில் 1993-இல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் உருவாக்கியது. கணினி 15 விநாடி செய்தி அனுப்பும், அடுத்த 15 விநாடி கேட்கும். காதால் கேட்கவே முடியாத சிக்னலையும் திரையில் எழுத்தாகக் காட்டும். மோர்ஸை விளக்கொளியிலும், விரலில் அதிர்விலும் படிக்கலாம். பழைய ஹாம்கள் சிலர் எஃப்டி8-ஐ "மவுஸ் சொடுக்குகிற விளையாட்டு" என்று கிண்டல் செய்வார்கள். பொருட்படுத்த வேண்டாம்.

மகளுக்கு 14 வயது. இதெல்லாம் அவளுக்கு எதற்கு, படிப்பு கெடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

படிப்பு கெடுமா என்று மகனுக்கும் கேட்டார்களா என்று பாருங்கள். ரேடியோவால் இயற்பியல் பாடம் கெடாது. மின்சாரம், அலை, விண்வெளி எல்லாம் கையில் வந்து உட்காரும். வேலைக்கும் உதவும், விண்வெளி, தொலைத்தொடர்பு, கருவியியல் பக்கம். ஆனால் அதற்காகத்தான் சேர்க்க வேண்டும் என்று இல்லை. பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம்.

எனக்கு 58 வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். இப்போது போய்...?

பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு இது. ஹாம்களில் நிறையப் பேர் ஓய்வுபெற்றவர்கள். மோர்ஸ் கற்க ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். வீணையோ மிருதங்கமோ பழகியவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

தேர்வு எழுதி மாதங்கள் ஆகின்றன. உரிமம் வரவில்லை, ஆர்வமே போய்விட்டது. என்ன செய்ய?

இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது.

ஆட்கள் எங்கே கழன்றுபோகிறார்கள் என்று கவனித்தால், வகுப்பில் இல்லை, தேர்விலும் இல்லை. தேர்வு முடிந்த நாளுக்கும் முதல் தொடர்புக்கும் நடுவில். முடிவு வர வேண்டும், அப்புறம் உரிமத்துக்கு விண்ணப்பம், சரிபார்ப்பு, காத்திருப்பு. உரிமம் வந்த பிறகு ரிக் வாங்க வேண்டும், ஆன்டெனா கட்ட வேண்டும். அப்பாவோ நண்பனோ ஹாமாக இருப்பவன் இந்தக் காலத்தை அவர் ரிக் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்துவிடுவான். அப்படி ஆள் இல்லாத பெண்ணுக்கு அது வெறும் மௌனம். ஒரு வருஷம் கழித்து உரிமம் கைக்கு வரும்போது அவளுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகியிருக்கும். உரிமம் பீரோவுக்குள் போகும்.

அதனால் காத்திருக்கும் காலத்தில் கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008 முதல் ஒரு இணைய ரிசீவர் இருக்கிறது. உலாவியிலேயே 29 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். இது போல இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் இருப்பவற்றைத் தேடினால் நம் ஆட்களின் குரல் விழும். கேட்டதை லாக் எழுதுங்கள்: நேரம், அலைவரிசை, கால்சைன், எப்படிப் பேசினார்கள். மோர்ஸைத் தொடங்கிவிடுங்கள். டைபோலுக்குக் கம்பி வெட்டி வையுங்கள். உரிமம் வரும் நாளில் நீங்கள் பாதி ஹாம்.

உரிமம் வருவதற்குள் ஆன்லைனில் ஒரு ஹேண்டி வாங்கிப் பேசிப் பார்க்கலாமா?

கூடாது. சட்டப்படி குற்றம். இணையக் கடைகளில் கிடைக்கிறது என்பதால் சரி ஆகிவிடாது. வாக்கி டாக்கிகளை விதிமீறி விற்றதற்காக 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

எங்கள் கிளப்பில் அழைக்கிறோம், பெண்கள் வருவதில்லை. வேறு என்ன செய்வது?

முதலில் அழைப்பிதழை மறந்துவிட்டு, கூட்டம் எங்கே, எப்போது நடக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஒருவர் வீட்டு மாடியில் நடந்தால் எந்த அம்மா மகளை அனுப்புவார்? பொது நூலகம், பள்ளி, கல்லூரி, ஞாயிறு காலை 10 மணி. ஃபீல்டு டேவுக்கு (வெளியிடத்தில் நிலையம் அமைத்துப் பேசும் நாள்) மலைமேல் போகிறீர்கள். கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே சொல்கிறீர்களா? ஆண்கள் அதைத் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு லிஃப்ட் இல்லாத மாடி ஒரு மறுப்புக் கடிதம்தான்.

ஒருவராக அழைக்காதீர்கள். இருபது ஆண்கள் நடுவே ஒரு பெண் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார். இரண்டு தோழிகள், அக்கா தங்கை, அம்மா மகள் என்று சேர்த்து அழையுங்கள். வந்த ஒரே பெண்ணை எல்லாப் புகைப்படத்திலும் நடுவில் நிறுத்தாதீர்கள், பிஸ்கட் தட்டையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். சால்டரிங் அயர்னைக் கொடுங்கள். அவர் செய்துகொண்டிருக்கும்போது "கொடும்மா, நான் பண்றேன்" என்று வாங்காதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடியும் என்பது என் கணிப்பு.

அப்புறம் நான் மேலே சொன்ன இடைவெளி. வகுப்பு நடத்துவதில் செலவிடும் சக்தியில் பாதியைத் தேர்வுக்கு அப்புறம் வையுங்கள். ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பழைய ஹாம், பெயர் குறித்து. மாதம் ஒரு நாள் கிளப் நிலையத்தில் கேட்கும் கூட்டம். இரவல் தர இரண்டு ஹேண்டி, ஒரு ஹெச்.எஃப். ரிக், சுருட்டி வைத்த டைபோல் ஒன்று. உரிமம் வந்த வாரமே வீட்டுக்குப் போய்க் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள், வீட்டார் இருக்கும் நேரத்தில், கிளப்பின் பெண் உறுப்பினரையும் அழைத்துக்கொண்டு. ஐம்பது பேருக்குத் தேர்வு எழுத வைத்தோம் என்று பேனர் கட்டும் கிளப்பைவிட ஐந்து பேரை அலையில் நிறுத்திய கிளப் என் மதிப்பில் பெரியது.

நெட் கன்ட்ரோல்கள் இன்னொன்று செய்ய வேண்டும். புதுக் குரல் வந்தால் ஒருவரை மட்டும் பதில் சொல்ல அழையுங்கள். தனிக் கேள்வி வந்தால் நீங்களே குறுக்கிட்டு "அடுத்த நிலையம்" என்று நகர்த்துங்கள். அந்தப் பெண்ணே சமாளிக்கட்டும் என்று விடாதீர்கள்.

பெண்களுக்குத் தனிக் குழு வைத்தால் பிரிவினை ஆகாதா?

1939-இல் எத்தெல் ஸ்மித் என்ற அமெரிக்க ஹாம், மற்ற பெண் ஹாம்கள் தன்னைத் தொடர்புகொள்ளும்படி ஒரு ரேடியோ இதழுக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தவர்களோடு தொடங்கியதுதான் யங் லேடீஸ் ரேடியோ லீக். இன்றும் இருக்கிறது. அவர்கள் யாரும் பொது அலைவரிசையை விட்டுப் போகவில்லை. கேள்வி கேட்கக் கூச்சமில்லாத இடம் ஒன்று இருந்தது, மற்ற நேரம் எல்லோரோடும் பேசினார்கள். ஆண்கள் மட்டுமே இருக்கும் கிளப்பைத் தனிக்குழு என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

அரசுப் பள்ளி ஆசிரியை நான். எங்கிருந்து தொடங்கலாம்?

உரிமம் தேவைப்படாத பக்கத்திலிருந்து. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது படங்களை ஒலியாக அனுப்பும். அந்த நாட்களை முன்பே அறிவிப்பார்கள். பக்கத்து ஊர் ஹாம் ஒருவரை ரிசீவரோடு பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்தில், கைபேசியில் ரோபோ36 செயலி அந்தக் கிறீச்சொலியை வரிவரியாகப் படமாக்குவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். நம் இஸ்ரோவே 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்று ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது என்று கதையும் சொல்லலாம்.

இன்னொன்று நரி வேட்டை. ஒளித்து வைத்த சிறிய டிரான்ஸ்மிட்டரைத் திசை ஆன்டெனா வைத்துத் தேடி ஓடுவது. டிரான்ஸ்மிட்டரை உரிமம் உள்ளவர் இயக்குவார்; பிள்ளைகள் கையில் ரிசீவர் மட்டும். பெண்பிள்ளைகளைத் தனி அணிகளாக விடுங்கள். கலந்து விட்டால் ஆன்டெனா பையன்கள் கையில் இருக்கும், நோட்டு பெண்கள் கையில் இருக்கும்.

முதல் முறை மைக்கைப் பிடித்ததும் தொண்டை அடைக்கிறது. என்ன பேசுவது?

எல்லோருக்கும் அடைக்கும். ஒரு தாளில் எழுதி வைத்துப் படியுங்கள், யாருக்கும் தெரியாது. முதலில் ஐந்து நிமிடம் கேளுங்கள். இடைவெளி வந்ததும் பிடிடி-யை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தி, ஒரு விநாடி விட்டு, உங்கள் கால்சைனை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். கூப்பிட்டால்: அவர் கால்சைன், உங்கள் கால்சைன், வணக்கம், பெயர், ஊர், அவர் சிக்னல் எப்படிக் கேட்கிறது. "இது என் முதல் தொடர்பு" என்றும் சொல்லிவிடுங்கள்; வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை. அப்போதும் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் ரிப்பீட்டர் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் கூடவே அனுப்பும் மெல்லிய ஒலி) அமைப்பில்தான் இருக்கும், அதைச் சரிபாருங்கள்.